நானூறு வருஷத்துச் சுவர்

சுடர்க்கொடிக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, ஓர் ஐப்பசி மழையில் வீட்டின் மண்சுவர் இடிந்து விழுந்து அவளுடைய அம்மா இறந்துபோனாள். தங்கை தாமரைக்கு அப்போது நான்கு வயது. அப்பா மாதையன் கொத்தனார். செங்கரட்டைச் சுற்றி எத்தனையோ வீடு கட்டியவர். தன் வீட்டுக்கு மட்டும் சிமென்ட் வாங்க வழியில்லாமல் மண்ணைக் குழைத்துச் சுவர் வைத்திருந்தார். "கல்லுச் சுவரா இருந்திருந்தா அவ இருந்திருப்பா" என்று அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மூத்த மகளுக்கு அது போதுமாக இருந்தது. அவள் படித்ததெல்லாம் சுவர் விழாமல் நிற்பதைப் பற்றித்தான்.

அனல் மின் நிலையங்களை மூடிப் பத்து வருடம் ஆகியும், அவை கக்கிய சாம்பல் ஏரி ஏரியாகக் கிடந்த காலம் அது. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சுடர்க்கொடி, அந்தச் சாம்பலைக் கொண்டு ஒரு கான்கிரீட் செய்தாள். அதற்கு நீற்றுக்கல் என்று பெயரிட்டாள். முதல் பலகை இறுகியதும் அப்பாவைத்தான் வரவழைத்துக் காட்டினாள்.

மாதையன் விரலால் சுண்டிப் பார்த்தார். "இதுல சிமென்ட் எத்தனை பங்கு?"

"ஒரு கைப்பிடிகூட இல்லப்பா."

"அப்புறம் எப்படி இறுகுது?"

"நம்ம ஊர்ச் சாம்பலும், இரும்பு உருக்குற ஆலையில கழிச்சுக் கொட்டுற கசடும். ரெண்டையும் காரத்தண்ணி விட்டுக் குழைச்சா கல்லாயிரும். ஒடஞ்சு போகாம இருக்க நடுவுல இழை போடுறோம். கிழிஞ்ச பிளாஸ்டிக் சிமென்ட் சாக்கு இருக்குதில்ல, அதைப் பிரிச்சு நூலாக்கி."

அவர் சிரித்துவிட்டார். "சிமென்டைக் காணோம், சாக்கு மட்டும் இருக்குதா! சரி, விரிசல் விட்டா?"

"மழை பட்டா தானா கூடிக்கும். உள்ள வேலை செய்யாம மிச்சம் கெடக்குற சாம்பல், தண்ணியக் குடிச்சுட்டு விரிசலை அடைச்சிரும். சோதனைக் கணக்குப்படி நானூறு வருஷம் நிக்கும்பா."

மாதையன் சம்மட்டியை வாங்கி ஓங்கி ஒரு போடு போட்டார். சம்மட்டி துள்ளி அவர் தோளுக்கே திரும்பியது. அவர் அந்தப் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார். "இது அப்பவே இருந்திருக்கணும் சாமி" என்றார்.

ஒரு விஷயத்தை மட்டும் சுடர்க்கொடி அவரிடம் சொல்லவில்லை. சூட்டில் அந்தக் கல் தோற்றது. சில மணி நேரம் நன்றாகச் சுட்டால், உள்ளே இருக்கும் சாக்கு இழைகள் உருகிப்போய், கல் வெறும் ரஸ்க்குபோல நொறுங்கியது. நான்கு கட்டிகளை அடுப்பிலிட்டு அதைப் பார்த்திருந்தாள். எழுதினால் இன்னும் மூன்று வருட ஆராய்ச்சி. அதற்குள் மூன்று மழைக்காலம் வந்துபோகும். எத்தனையோ மண்சுவர் விழும். ஓட்டுவீட்டுத் தீ அத்தனை நேரம் எரியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அறிக்கையில் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டாள்.

அந்த அறிக்கையை முதலில் பயன்படுத்திக்கொண்டவர்கள் பொன்மலர் நகர்க்காரர்கள்.

செங்கரடு ஒரு சிறு குன்று. அதன் அடிவாரத்தில் மாதையன் குடியிருந்த காலனி. குன்றில் விழும் மழை காலனி வழியாக இறங்கி ஓடையில் போகும். அந்த ஓடையைத் தூர்த்து, மனை பிரித்து உருவானதுதான் நகர். காலனி ஆட்கள் தங்கள் தெரு வழியாக பஸ்ஸுக்கு நடந்து போவது நகரில் இருந்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. திருட்டு என்றார்கள், கொசு என்றார்கள், கடைசியில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு ஒரு சுவர் வேண்டும் என்றார்கள். அப்படிப்பட்ட சுவர் மழையில் சரிந்தால் உயிர்போகும் என்று காலனி கோர்ட்டுக்குப் போனது. நகர் சங்கச் செயலாளர் ஞானசுந்தரம் நீற்றுக்கல் அறிக்கையைக் கோர்ட்டில் வைத்தார். இது விழாது; சொல்வது நாங்கள் இல்லை, காலனியில் பிறந்த விஞ்ஞானியே சொல்கிறார் என்றார். அனுமதி கிடைத்துவிட்டது. தண்ணீர் போவதற்கு அடியில் மூன்று குழாய் வைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

தாமரை அக்காவுக்குப் போன் செய்தாள். அவள் காலனி அங்கன்வாடியில் ஆசிரியை. "உன் பேரைச் சொல்லித்தான் சுவர் கட்டுறாங்கக்கா. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"வர்றேன் தாமரை. வீட்டுத் திட்டம் கையெழுத்தாகுற நேரம். மூவாயிரம் வீடு, எல்லாம் நீற்றுக்கல்லுல, நம்மள மாதிரி ஜனங்களுக்கு. இது முடியட்டும், வர்றேன்."

அவள் போகவில்லை. அந்தச் சுவரைக் கட்டும் வேலைக்கு மாதையனே போனார். காலனியில் சிலர் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். "எவனோ கட்டினா கலவை கெட்டுப்போகும். நான் கட்டினா விழாது. சுவத்துக்கு இந்தப் பக்கம் வெளையாடுறது நம்ம புள்ளைங்கதானே?" என்றார் அவர்.

சுவர் எழுந்தது. நகர்ப் பக்கத்தில் வெள்ளையடித்து டால்பின்களும் பனைமரங்களும் வரைந்தார்கள். முதல் வருட மழையில் தண்ணீர் குழாய் வழியாகப் போய்விட்டது.

இரண்டாம் வருடம் ஐப்பசியில், ஒரு பிற்பகல், மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஒரு மாதத்து மழை ஒன்றரை மணி நேரத்தில் கொட்டியது. குன்றிலிருந்து இறங்கிய தண்ணீர் சுவரில் முட்டி நின்றது. குழாய்கள் ஒரு சொட்டும் வாங்கவில்லை. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று காலனி ஏரியாகிக்கொண்டே போனது. வேறு எந்தச் சுவராக இருந்தாலும் அந்தப் பாரத்துக்கு விழுந்திருக்கும். விழுந்திருந்தால் தண்ணீர் போயிருக்கும். அந்தச் சுவர் ஒரு கீறல்கூட விடாமல் நின்றது.

சென்னையில் சுடர்க்கொடி அதிகாரிகளோடு உட்கார்ந்திருந்தாள். மூவாயிரம் வீட்டுக்கான காகிதம் மேஜைமேல் இருந்தது. நாலு மணி பத்து நிமிடத்துக்கு அப்பாவின் போன் வந்தது.

"சுடரு, இந்தக் கல்லை எப்படி ஒடைக்கிறது?"

பின்னால் ஒரே இரைச்சல். எங்கேயோ வேலையிடத்தில் யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்தாள். எதிரே இருந்தவர்களைப் பார்த்துப் புன்னகைத்தபடியே, "அது ஒடையாதுப்பா. அதுக்குத்தானே செஞ்சது. அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

அங்கன்வாடி சுவரை ஒட்டி, காலனியிலேயே தாழ்ந்த இடத்தில் இருந்தது. அன்று ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். தாமரை ஜன்னல் கம்பியில் காலூன்றி ஐந்து பிள்ளைகளைக் கூரைக்கு ஏற்றினாள். மற்ற நாலு பேரை எடுக்க உள்ளே இறங்கியவள் திரும்பவில்லை. அங்கிருந்து நாற்பதடி தூரத்தில், கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு மாதையன் குழாய் இருந்த இடத்தில் கடப்பாரையால் குத்திக்கொண்டிருந்தார். யார் கூப்பிட்டதும் தன் காதில் விழவில்லை என்று பிறகு சொன்னார். தாமரை, நாலு பிள்ளைகள், படுக்கையில் கிடந்த இரண்டு முதியவர்கள் என்று ஏழு பேர் போனார்கள்.

மறுநாள் காலை சுடர்க்கொடி வந்தபோது மாதையனின் இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். "நீ சொன்னது சரிதான் சாமி. ஒடையல" என்றார்.

சுடர்க்கொடிக்கு அந்த ஒரு வார்த்தை தீர்ப்பாக விழுந்தது. வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு அப்பாவுடனேயே தங்கினாள். "நான் அன்னிக்குப் போனை வெச்சிருக்கக் கூடாதுப்பா" என்று எத்தனையோ தடவை அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அவர் கட்டுப்போட்ட கையை அவள் தலைமேல் வைப்பார். வாய் திறக்க மாட்டார்.

வழக்கு எட்டு மாதம் நடந்தது. குழாய்க்குள் காலனி ஆட்களே குப்பையைப் போட்டு அடைத்துவிட்டார்கள் என்றார் ஞானசுந்தரம். நகர்ப் பக்கம் பார்த்தால் பூச்சும் ஓவியமும்தான் தெரிந்தன. காலனிப் பக்கம் குழாய் வாயில் வண்டல் இறுகியிருந்தது. துளைபோட்டுப் பார்க்கலாம் என்றால் எந்தத் துளைப்பானும் உள்ளே இறங்கவில்லை. ஆனாலும் ஏழு உயிர் போயிருந்தது. ஆனி மாதம் சுவரை இடிக்க உத்தரவு வந்தது.

பொக்லைன் வந்து இரண்டு நாள் இடித்தது. மூன்று முறை அதன் அலகு மழுங்கியது. சுவரில் விழுந்ததெல்லாம் கையகலப் பள்ளங்கள்தான். இரண்டாம் நாள் மாலை ஒரு தூறல் போட்டது. காலையில் வந்து பார்த்தால் பள்ளத்தைச் சுற்றியிருந்த விரிசல்கள் மூடிக்கொண்டிருந்தன. பொக்லைன்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

தாசில்தார் மேகலா நேராக மாதையன் வீட்டுக்கே வந்தார்.

"ஏம்மா, இதைச் செஞ்சவங்க நீங்க. ஒடைக்க ஏதாச்சும் வழி இருக்கா, இல்லையா?"

சுடர்க்கொடி அப்பாவைப் பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குங்க மேடம். தீ வெச்சா விட்டுக்குடுக்கும். அஞ்சு மணி நேரம் சுட்டா உள்ள இருக்கற இழை உருகிரும். அப்புறம் சம்மட்டி போதும்."

"உங்க அறிக்கையில அப்படி ஒண்ணும் இல்லையே?"

"நான் எழுதல."

தாசில்தார் திண்ணையில் உட்கார்ந்தார். "எழுத்துல குடுத்தாத்தான் நான் தீ வைக்க முடியும். குடுத்தா உங்க வேலை போகும். அந்த மூவாயிரம் வீடும் நின்னுரும். யோசிச்சுக்கோங்கம்மா."

"எட்டு மாசமா அதைத்தான் யோசிக்கிறேன். பேப்பர் குடுங்க."

அன்று மாலை ஆராய்ச்சி நிலைய இயக்குநர் போனில் கத்தினார். பாதி எழும்பிய வீடுகள், காத்திருக்கும் குடும்பங்கள், நிலையத்தின் பெயர் என்று அவர் சொன்னது எதுவும் பொய்யில்லை. "தெரியும் சார். அந்த வீட்டுலயும் தீ பிடிக்கும் சார்" என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாளில் பணிநீக்கக் கடிதம் வந்தது.

குழாய் இருந்த இடத்தில் வேலையை ஆரம்பித்தார்கள். ஆறு கேஸ் பர்னர்கள் காலை ஏழு மணியிலிருந்து சுவரைச் சுட்டன. டால்பின்கள் கருகி உரிந்தன. பிளாஸ்டிக் எரியும் நாற்றம் எழுந்தது. சுவருக்கு இரண்டு பக்கமும் கூட்டம். மதியம் பர்னர்களை அணைத்து, சூடு ஆறியதும், மாதையன் சம்மட்டியைக் கேட்டு வாங்கினார். கை இன்னும் முழுதாக மடங்காது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து ஓங்கினார். முதல் அடியிலேயே ஓராள் அகலத்துக்குச் சுவர் பொலபொலவென்று கொட்டியது.

கூட்டம் சத்தம் போட்டது. மாதையன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்றார்.

இடிபாட்டுக்கு நடுவில் ஆள் தலை அளவுக்கு ஒரு குழாய் வெளியே தெரிந்தது. தாசில்தார் குனிந்து பார்த்தார். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து கையால் தடவினார்.

"இது குப்பையுமில்ல, வண்டலுமில்ல. கலவை போட்டு அடைச்சிருக்கு. சுவர் கட்டுன அதே கலவை." அவர் திரும்பினார். "ஞானசுந்தரம் சார், இது என்ன?"

"எனக்கென்னங்க தெரியும்? கான்ட்ராக்டர் ஆளுங்க ஏதாவது செஞ்சிருப்பாங்க" என்றார் செயலாளர்.

"நாந்தானுங்க அடைச்சேன்."

சொன்னது மாதையன். குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் கேட்டது.

"போன வருசம் பங்குனியிலங்க. இவருதான் கூப்பிட்டாரு. அந்தப் பக்கத்துச் சாக்கடை நாறுது, கொசு வருது, மூணையும் அடைச்சிரு மாதையான்னாரு. மழைத் தண்ணிக்கு என்னங்க வழின்னு கேட்டேன். கீழ்ப்பக்கமா தனிக் கால்வாய் வெட்ட உத்தரவாயிருச்சு, ரெண்டு வாரத்துல வெட்டிருவாங்கன்னாரு. ஒரு மூட்டைக் கலவை மிச்சமிருந்துச்சு. நகர்ப் பக்கமிருந்து அடைச்சு, பூசி விட்டேனுங்க."

"அப்பட்டமான பொய்" என்றார் ஞானசுந்தரம். "நான் இந்த ஆளோட பேசினதே கிடையாது."

தாசில்தார் அவரைப் பார்க்கவில்லை. "பெரியவரே, நீங்க இதை வாக்குமூலமாக் குடுத்தாத்தான் அவர்மேல கேஸ் நிக்கும். ஆனா அடைச்சது நீங்க. உங்க பேரும் சேரும்."

"சேரட்டுங்க."

வாக்குமூலம் எழுத ஏற்பாடு செய்யத் தாசில்தார் போனார். சுடர்க்கொடி அப்பாவின் எதிரே வந்து நின்றாள்.

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

மாதையன் தரையைப் பார்த்தபடி பேசினார். "அன்னிக்கு நான் கண்ட இடத்துல குத்தல சாமி. நான் வெச்ச அடைப்பைத்தான் குத்தினேன். எவ்வளவு ஆழம், எவ்வளவு கலவை, எல்லாம் எனக்குத் தெரியும். பத்து அங்குலம் போனாப் போதும். ஒரு அங்குலம்கூடப் போகல. தாமரை கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. விழலேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். விழுந்துச்சு. இதைத் தொறந்துட்டா எல்லாரும் பொழச்சுக்குவாங்க, நான் செஞ்சது யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

"அப்பா..."

"அது ஒரு பாவம். அதை விடப் பெரிசு ஒண்ணு இருக்குது. நீ போனை வெச்சுட்டேன்னு தெனமும் எங்காலடியில அழுதே. 'உம்மேல தப்பில்ல கண்ணு'ன்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரல. சொன்னா, அப்ப யாரு மேல தப்புன்னு கேப்பே. எட்டு மாசம், எம்பாரத்தை உன் தலையில வெச்சுட்டு, கையை மட்டும் வெச்சுத் தடவிக்கிட்டு இருந்தேன்."

அவள் அவரை அடித்துவிடுவாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். அவள் அவருடைய கையைப் பிடித்து, அந்த வெளுத்த தழும்புத் தோலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு விட்டுவிட்டாள்.

புளியமரத்தடியில் மேஜை போட்டு வாக்குமூலம் எழுதினார்கள். மாதையன் சொல்லச் சொல்ல ரெவின்யூ ஆள் எழுதினார். சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும். ஒன்றை வி.ஏ.ஓ. போட்டார். இன்னொன்று காலனியிலிருந்து யாராவது போடலாம் என்றார் தாசில்தார்.

ஒருவரும் முன்னால் வரவில்லை. அங்கன்வாடியில் மகனைப் பறிகொடுத்த ராசாத்தி கூட்டத்தில் இருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மேஜை வரைக்கும் வந்தாள். மாதையனை வெறித்துப் பார்த்தாள்.

"ஏண்ணா, நீயா?" என்றாள். பேனாவைத் தொடவில்லை. "எம்புள்ளையத் தூக்கித் தூக்கி வெளையாடுனியே அண்ணா" என்று சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு போய்விட்டாள். அவளே போடாத கையெழுத்தை மற்றவர்கள் எப்படிப் போடுவார்கள்? ஆண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

"சாட்சி இல்லாட்டி நாளைக்கு அவங்க வக்கீல் ஒரே வரியில இதைக் கிழிச்சிருவார்" என்றார் தாசில்தார்.

சுடர்க்கொடி பேனாவை எடுத்தாள். மாதையன் காகிதத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டு, எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டினார். அவள் போட்டாள். உறவு என்று இருந்த இடத்தில் 'மகள்' என்று எழுதினாள்.

ஞானசுந்தரம் முதல் குற்றவாளி, மாதையன் இரண்டாவது. முதல் குற்றவாளிக்குப் பதினோராம் நாள் ஜாமீன் கிடைத்தது. இரண்டாம் குற்றவாளிக்கும் அதே நாள் அதே கோர்ட் ஜாமீன் கொடுத்தது. சொந்தப் பெயரில் வீடோ நிலமோ உள்ள இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முப்பது வருடமாக மனுப் போட்டும் காலனியில் ஒருத்தருக்கும் பட்டா வரவில்லை. வெளியில் தெரிந்தவர்கள் ஏதேதோ காரணம் சொன்னார்கள். சுடர்க்கொடி படியேறாத வீடில்லை. மாதையன் ஜெயிலிலேயே இருந்தார்.

சுவரை முழுக்கச் சுட்டு இடிக்க ஒரு மாதம் ஆனது. காலனி ஆட்களே கல்லை அள்ளி லாரியில் ஏற்றினார்கள். தூர்ந்த ஓடையைக் கோர்ட் உத்தரவின்படி நாலடி அகலத்துக்குத் தோண்டினார்கள். மூவாயிரம் வீட்டு வேலை நின்றே போனது. அதில் வீடு கிடைக்கவேண்டியிருந்த யாரோ ஒருவர் சுடர்க்கொடிக்கு வாரம் ஒரு கடிதம் எழுதினார். எல்லாம் வசவு. அவள் ஒன்றையும் கிழிக்காமல் படித்தாள்.

ஐப்பசி வந்தது. இரண்டு நாள் விடாமல் அடித்த மழை, மூன்றாம் நாள் வெறித்தது. அன்று ஜெயிலில் கைதிகளைப் பார்க்க விடும் மனு நாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாதையன் வந்து உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, வக்கீல் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ரிசீவரைக் காதில் வைக்கும் முன்பே அவர் உதடு அசைந்துவிட்டது. அவள் எடுத்து, "என்னப்பா?" என்றாள்.

"ஊர்ல மழையா?"

"ஆமாப்பா. ரெண்டு நாளா."

"தண்ணி?"

"போயிருச்சுப்பா. கொஞ்ச நேரங்கூட நிக்கல."

மாதையன் தலையை ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார். ரிசீவரை மடியில் இறக்கிவைத்துவிட்டு, நேரம் முடிந்தது என்று காவலர் வந்து தோளைத் தொடும் வரை, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.